உப்பு எவ்வளவு, தண்ணீர் எந்தப் பக்கம்?



மேசைமேல் மூன்று கண்ணாடி டம்ளர்கள் இருக்கின்றன. ஒரே உருளைக்கிழங்கிலிருந்து ஒரே கனத்தில் சீவிய துண்டுகளைக் காலையிலேயே மூன்றிலும் போட்டு வைத்தோம். முதல் டம்ளரில் வெறும் தண்ணீர். இரண்டாவதில் லிட்டருக்கு 9 கிராம் வீதம் உப்பு கரைத்த தண்ணீர். மூன்றாவதில் லிட்டருக்கு 100 கிராம். யாராவது ஒருவர் மேடைக்கு வந்து துண்டுகளைக் கையில் எடுத்துப் பாருங்கள். வாம்மா, நீயே வா.

முதல் டம்ளர்த் துண்டு விறைத்து நிற்கிறது, இல்லையா? வளைத்துப் பார். டக்கென்று முறிகிறது. மூன்றாவது டம்ளர்த் துண்டு துவண்டு கிடக்கிறது. அதை உன் சுட்டுவிரலில் மோதிரம் மாதிரி சுற்றிவிடலாம். நடு டம்ளரில் உள்ளது காலையில் சீவிப் போட்டபோது எப்படி இருந்ததோ ஏறக்குறைய அப்படியே இருக்கிறது. நன்றி, போய் உட்கார்.

கிழங்கு ஒன்றுதான், தண்ணீர் ஒன்றுதான், உப்பும் ஒரே பொட்டலத்து உப்புதான். மாறியது அளவு மட்டும். முதல் டம்ளரில் தண்ணீர் கிழங்குக்குள் போனது, மூன்றாவதில் கிழங்கிலிருந்து வெளியே வந்தது, நடுவில் போனதும் வந்ததும் சரிக்குச் சரி. உப்பின் செறிவுதான் தண்ணீர் எந்தப் பக்கம் போக வேண்டும் என்று தீர்மானிக்கிறது. இன்று நான் பேசப்போவது முழுக்க இதைப் பற்றித்தான். பிச்சாவரத்து மரங்களுக்கும், சென்னைக்குக் குடிதண்ணீர் தரும் நெம்மேலி ஆலைக்கும், வயிற்றுப்போக்கில் துவண்டு கிடக்கும் குழந்தைக்கும் ஒரே விதிதான் வேலை செய்கிறது என்பதை உங்களுக்குக் காட்ட ஆசைப்படுகிறேன்.

உப்பு தண்ணீரை உறிஞ்சும் என்று நம் வீடுகளில் சொல்வதுண்டு. மாங்காயில் உப்பைப் போட்டுக் குலுக்கி வைத்தால் மறுநாள் ஜாடியில் தண்ணீர் விட்டிருக்கிறது. பார்த்தால் அப்படித்தான் தோன்றும். ஆனால் உப்பைத் தண்ணீரில் போட்டால் அது கரைந்து பரவுகிறது, வேறொன்றும் செய்வதில்லை. நாம் பார்த்த காரியம் நடக்க வேண்டுமானால் நடுவில் ஒரு சவ்வு இருக்க வேண்டும். அது தண்ணீரை விட்டு, உப்பைத் தடுக்கிற சவ்வாக இருக்க வேண்டும். அப்போது உப்பு அந்தப் பக்கம் போய் இரு பக்கத்தையும் சமன் செய்ய முடியாது. தண்ணீர்தான் இந்தப் பக்கம் வர வேண்டியிருக்கிறது. தண்ணீர் எப்போதும் இரு திசையிலும் போய்வந்துகொண்டுதான் இருக்கிறது. உப்பு கலந்த பக்கத்தில் தண்ணீர் மூலக்கூறுகள் தப்பிச் செல்லும் நாட்டம் குறைந்துவிடுகிறது. அங்கிருந்து போவது குறைவு, அங்கே வருவது அதிகம். மிச்சப்படும் வித்தியாசத்தைத்தான் சவ்வூடு பரவல் என்கிறோம்.

இதை முதலில் கவனித்து எழுதி வைத்தவர் பிரான்ஸ் நாட்டுப் பாதிரியார் ழான் அந்துவான் நோல்லே. ஆண்டு 1748. சாராயம் நிரப்பிய ஒரு கண்ணாடிக் கலத்தின் வாயைப் பன்றியின் சிறுநீர்ப்பையால் இறுகக் கட்டி, தண்ணீருக்குள் அமிழ்த்தி வைத்தார். சில மணி நேரத்தில் அந்தத் தோல் புடைத்துக்கொண்டது. ஊசியால் குத்தியதும் உள்ளே இருந்தது பீறிட்டு அடித்தது. அதற்குப் பிறகு ஏறத்தாழ 130 ஆண்டுகள் இது வேடிக்கையாகவும் புதிராகவும்தான் இருந்தது. காரணம், நல்ல சவ்வு கிடைக்கவில்லை. விலங்குத் தோல் எதையும் முழுதாகத் தடுப்பதில்லை.

ஜெர்மானியத் தாவரவியலாளர் வில்ஹெல்ம் பெஃபர் ஒரு மண் கலத்தின் நுண்துளைகளுக்குள் காப்பர் ஃபெர்ரோசயனைடு என்னும் வேதிப்பொருளைப் படிய வைத்து ஒரு சவ்வை உண்டாக்கினார். தண்ணீர் அதில் போகும், சர்க்கரை போகாது. 1877இல் அவர் வெளியிட்ட அளவுகளை இன்று படித்தாலும் சிலிர்ப்பாக இருக்கிறது. நூற்றுக்கு ஒரு பங்கு சர்க்கரை இருந்தால் 53.5 சென்டிமீட்டர் பாதரச அழுத்தம். இரண்டு பங்குக்கு 101.6. நான்கு பங்குக்கு 208. செறிவு இரட்டித்தால் அழுத்தமும் இரட்டிக்கிறது! நூற்றுக்கு ஒரு பங்கு சர்க்கரை என்பது நாக்குக்குச் சப்பென்று இருக்கும் தண்ணீர். அதுவே ஏழு மீட்டர் உயரத்துக்குத் தண்ணீரை ஏற்றிவிடும் அழுத்தத்தைத் தருகிறது.

இந்த எண்கள் ஆம்ஸ்டர்டாமில் இருந்த வேதியியலாளர் வான்ட் ஹாஃப் கைக்கு வந்தன. அவருக்கு அவற்றைச் சுட்டிக்காட்டியவர் உடன் பணியாற்றிய தாவரவியலாளர் ஹ்யூகோ டி வ்ரீஸ். வான்ட் ஹாஃப் கண்ட உண்மை எளிமையானது. கரைந்திருப்பது என்ன பொருள் என்பது முக்கியமே இல்லை. எத்தனை துகள்கள் கரைந்திருக்கின்றன என்பதுதான் கணக்கு. கல்யாணப் பந்தியில் தலையை எண்ணித்தான் இலை போடுகிறோம், ஆள் பருமனா ஒல்லியா என்று பார்த்தா போடுகிறோம்? அது மாதிரிதான். வேதியியலுக்கான முதல் நோபல் பரிசு 1901இல் இவருக்குத்தான் போனது.

சர்க்கரை இந்தக் கணக்குக்கு ஒழுங்காகக் கட்டுப்பட்டது, உப்பு கட்டுப்படவில்லை. எதிர்பார்த்ததைப் போல் ஏறக்குறைய இரண்டு மடங்கு அழுத்தம் காட்டியது. ஸ்வீடனைச் சேர்ந்த இளைஞர் ஸ்வான்தே அரீனியஸ் 1887இல் விடை சொன்னார்: சோடியம் குளோரைடு தண்ணீரில் கரைந்ததும் சோடியம், குளோரைடு என்று இரண்டு அயனிகளாகப் பிரிந்துவிடுகிறது. எனவே தலைகள் இரண்டு.

உப்பின் பலம் இங்கேதான் இருக்கிறது. உப்பின் ஒரு துகள் சர்க்கரைத் துகளைவிட எடை குறைந்தது. பிரிந்து இரண்டாகவும் ஆகிறது. நடு டம்ளரில் நாம் போட்ட 9 கிராம் உப்புக்கு ஈடான துகள் எண்ணிக்கையைச் சர்க்கரையில் கொண்டுவர வேண்டுமானால் 100 கிராமுக்கும் சற்று அதிகமாகப் போட வேண்டும். ஊறுகாய்க்குக் கையளவு உப்பு போதும், ஜாமுக்குப் பழத்தின் எடைக்குச் சமமாகச் சர்க்கரை கொட்ட வேண்டியிருக்கிறது என்பதற்கு இதுவும் ஒரு காரணம். இரண்டிலும் நடப்பது ஒன்றே. கெடுக்க வரும் பூஞ்சையின், பாக்டீரியாவின் உடலிலிருந்து தண்ணீர் வெளியேறிவிடுகிறது. அவை பெருக முடிவதில்லை.

இனி நம் உடம்புக்கு வருவோம். கரைந்துள்ள துகள்களை எண்ணுவதற்கு மில்லி ஆஸ்மோல் என்று ஓர் அலகு உண்டு. பயப்பட வேண்டாம், தலைகளை எண்ணும் அளவுகோல் என்று வைத்துக்கொள்ளுங்கள். நம் ரத்தத்தில் அது லிட்டருக்குச் சுமார் 290. ஆஸ்பத்திரியில் ஏற்றும் சலைன் பாட்டிலில் 0.9 சதவீதம் என்று எழுதியிருக்கும். அதாவது லிட்டருக்கு 9 கிராம் உப்பு, 308 மில்லி ஆஸ்மோல். ரத்தத்துக்கு மிக நெருக்கம். அதற்குப் பதில் வெறும் காய்ச்சி வடித்த தண்ணீரை ரத்தத்தோடு கலந்தால் சிவப்பணுக்களுக்குள் தண்ணீர் புகுந்து அவை உப்பி வெடித்துவிடும். அடர்ந்த உப்புக் கரைசலில் போட்டால் சுருங்கி, ஓரமெல்லாம் முள் முள்ளாக நீட்டிக்கொண்டிருக்கும். பிழைத்திருப்பதற்கான இடைவெளி அவ்வளவு குறுகலானது.

சவ்வு வழியாகத் தண்ணீர் எப்படி இத்தனை வேகமாகப் போகிறது என்ற கேள்விக்கு வெகுகாலம் விடை இல்லை. அமெரிக்க மருத்துவர் பீட்டர் அக்ரே குழுவினர் ஒரு புரதத்தைச் சந்தேகித்தார்கள். அந்தப் புரதத்தை உண்டாக்கும் ஆர்.என்.ஏ.வைத் தவளை முட்டைகளுக்குள் செலுத்தினார்கள். தவளை முட்டை குளத்து நீரில் கிடந்து பழகியது, லேசில் உப்பாது. ஆனால் புரதம் உண்டான முட்டைகளைச் செறிவு குறைந்த நீரில் போட்டதும் சில நிமிடங்களில் ஊதி வெடித்தன. 1992இல் வெளிவந்த இந்த ஆய்வு தண்ணீருக்கென்றே சவ்வில் தனி வாசல் உண்டு என்று காட்டியது. அந்த வாசல் ஒன்றின் வழியே நொடிக்கு 300 கோடி மூலக்கூறுகள் போகின்றன. 2003இல் அவருக்கு நோபல் பரிசில் பாதி கிடைத்தது.

கடல் நீரைக் குடித்தால் தாகம் ஏன் அதிகமாகிறது என்பதையும் இப்போதே பார்த்துவிடலாம். கடல் நீரில் லிட்டருக்கு 35 கிராம் உப்புகள் உள்ளன. நம் சிறுநீரகம் எவ்வளவு முயன்றாலும் சிறுநீரில் லிட்டருக்குச் சுமார் 20 கிராமுக்கு மேல் உப்பைத் திணிக்க முடியாது. ஆக, ஒரு லிட்டர் கடல் நீரின் உப்பை வெளியேற்ற முக்கால் லிட்டர் தண்ணீரை உடம்பு தன் கையிருப்பிலிருந்து எடுத்துப் போட வேண்டியிருக்கிறது. திசைமாறிப் போன படகில் இருப்பவர் கடல் நீரைக் குடிப்பது தன் உடலிலிருந்தே தண்ணீரை இறைத்துக் கொட்டுவதாகிவிடுகிறது.

அப்படியானால் சிதம்பரத்துக்குப் பக்கத்தில், பிச்சாவரத்தில், கடல் நீர் ஏறி இறங்கும் கழிமுகத்தில் நிற்கும் அலையாத்தி மரங்கள் என்ன செய்கின்றன? படகில் போகும்போது வெண்கண்டல் மரத்தின் இலையைப் பிடித்துப் பாருங்கள். வெயில் ஏறிய நேரத்தில் இலையின்மேல் பொடிப் பொடியாக உப்புப் படிந்திருக்கும், நாக்கில் வைத்தால் கரிக்கும். உள்ளே வந்த உப்பை இலையில் உள்ள சுரப்பிகள் வெளியே தள்ளுகின்றன. ஆனால் இது கடைசி வேலை. பெரும்பகுதி உப்பை வேரே வாசலில் நிறுத்திவிடுகிறது. சுரபுன்னையில் உப்புச் சுரப்பியே கிடையாது. அதன் தண்டில் ஏறும் சாற்றில் உப்பு மிகக் குறைவு.

கடல் நீரிலிருந்து நன்னீரைப் பிரித்து எடுப்பதென்றால் சும்மா வராது. நம் விதிப்படி தண்ணீர் மரத்திலிருந்து கடலுக்குத்தான் போக வேண்டும். பெர் ஷோலாண்டர் என்ற உடலியங்கியலாளர் இதை அளந்தார். இலையோடு கூடிய கிளையை வெட்டி, வெட்டுமுனை மட்டும் வெளியே நீட்டிக்கொண்டிருக்க ஓர் இரும்புக் கலத்துக்குள் அடைத்து, உள்ளே வாயு அழுத்தத்தைக் கொஞ்சம் கொஞ்சமாக ஏற்றினார். வெட்டுமுனையில் சாறு துளிர்க்கும் நேரத்து அழுத்தம் எதுவோ, அந்த அளவுக்குத்தான் மரத்துக்குள் தண்ணீர் இழுபட்டிருந்தது என்று பொருள். 1965இல் அவர் வெளியிட்ட கணக்கில் அலையாத்தி மரங்களின் இழுவிசை 30 வளிமண்டலத்துக்கும் மேலே போனது, சிலவற்றில் 60 வரைக்கும். கடல் நீரின் சவ்வூடு பரவல் அழுத்தம் சுமார் 27 பார், அதாவது ஏறக்குறைய 27 வளிமண்டலம். அதைத் தாண்டிய இழுப்பு இருப்பதால்தான் விதியின் திசையையே மரம் திருப்பிவிடுகிறது. இலைகளில் வெயில் பட்டு ஆவியாகும் நீர்தான் அந்த இழுப்புக்குக் காரணம். மோட்டார் இல்லை, மின்சாரம் இல்லை.

மரம் மேலிருந்து இழுத்துச் சாதித்ததை மனிதன் கீழிருந்து தள்ளிச் சாதித்தான். 1950களின் கடைசியில் கலிஃபோர்னியாப் பல்கலைக்கழகத்தின் லாஸ் ஏஞ்சலிஸ் வளாகத்தில் சிட்னி லோப், ஸ்ரீனிவாச சௌரிராஜன் என்று இருவர் இதில் இறங்கினார்கள். சௌரிராஜன் இந்தியாவிலிருந்து போனவர். செல்லுலோஸ் அசிடேட் படலம் உப்பைத் தடுக்கும் என்பது அதற்கு முன்பே தெரிந்திருந்தது. ஆனால் தண்ணீர் சொட்டுச் சொட்டாகத்தான் வந்தது. இருவரும் ஒரு பக்கம் மிக மெல்லிய அடர்ந்த தோலும், அதைத் தாங்கப் பின்னால் துளைகள் நிறைந்த அடிப்பகுதியும் கொண்ட படலத்தைச் செய்தார்கள். உப்பைத் தடுப்பது அந்த மெல்லிய தோல் மட்டுமே என்பதால் தண்ணீர் பல மடங்கு வேகமாக வந்தது. 1965இல் கலிஃபோர்னியாவின் கோலிங்கா என்ற சிற்றூர் உவர் நிலத்தடி நீரை இந்த முறையில் சுத்திகரித்து ஊருக்கு வழங்கத் தொடங்கியது. நம் சமையலறைச் சுவரில் மாட்டியிருக்கும் ஆர்.ஓ. இயந்திரம் அதன் வழிவந்ததுதான். சௌரிராஜன் பெயர் நம் பாடப்புத்தகங்களில் இன்னும் பெரிய எழுத்தில் இருக்க வேண்டும் என்பது என் எண்ணம்.

ஆர்.ஓ. விஷயத்திலும் எல்லாம் செறிவுதான். லிட்டருக்கு 1,000 மில்லிகிராம் உப்புள்ள போர்வெல் தண்ணீருக்கு ஒரு பாருக்கும் குறைவான அழுத்தத்தைத்தான் வெல்ல வேண்டும். வீட்டு இயந்திரத்தின் கையடக்க மோட்டார் அதற்குப் போதும். கடல் நீர் என்றால் 27 பாரை வெல்ல வேண்டும். அது 270 மீட்டர் உயரத் தண்ணீரின் கனம். சிக்கல் அதோடு முடியவில்லை. நன்னீரை எடுக்க எடுக்க மிச்சமிருக்கும் நீர் மேலும் உப்பேறுகிறது. பாதித் தண்ணீரை எடுத்துவிட்டால் மீதியில் லிட்டருக்கு 70 கிராம் உப்பு. எதிர்க்கும் அழுத்தமும் இரு மடங்கு. ஆகவே 55 முதல் 70 பார் வரை அழுத்தம் கொடுக்க வேண்டியிருக்கிறது. பெரும்பாலான ஆலைகள் பாதிக்கும் குறைவாக எடுத்துக்கொண்டு நிறுத்திக்கொள்கின்றன. மீஞ்சூரில் 2010இலும் நெம்மேலியில் 2013இலும் தொடங்கிய ஆலைகள் ஒவ்வொன்றும் நாளொன்றுக்கு 10 கோடி லிட்டர் நன்னீர் தருவதற்காக அமைக்கப்பட்டவை. அதைவிடப் பெரிய அளவு அடர் உப்புநீர் கடலுக்குத் திரும்புகிறது. கரையோரத்து மீன்குஞ்சுகளும் உடம்புக்குள் இதே கணக்கை வைத்துத்தான் வாழ்கின்றன. எனவே அந்த நீரை எங்கே, எவ்வளவு பரவலாக விடுகிறோம் என்று மீனவர்கள் கேட்பது முழுக்க நியாயம்.

கடைசியாக, என் மனசுக்கு மிகவும் நெருக்கமான பகுதிக்கு வருகிறேன். குடல்.

காலரா கண்டவருக்கு ஒரு மணி நேரத்தில் ஒரு லிட்டர் வரைக்கும் நீர் போய்விடலாம். கிருமியின் நச்சு குடல் சுவரைக் குளோரைடு அயனிகளைக் கொட்ட வைக்கிறது. உப்பு போகும் இடத்துக்குத் தண்ணீரும் போகிறது. வெறும் தண்ணீர் கொடுத்தால் நிற்பதில்லை. வெறும் உப்புத் தண்ணீர் கொடுத்தாலும் குடல் எடுத்துக்கொள்வதில்லை. 1960இல் ராபர்ட் கிரேன் என்ற உயிர்வேதியியலாளர், குடல் சுவரில் சோடியமும் குளுக்கோஸும் கைகோத்துத்தான் உள்ளே நுழைகின்றன என்று சொன்னார். அந்த வாசலை மட்டும் காலரா அடைப்பதில்லை! சோடியமும் குளுக்கோஸும் உள்ளே போனால் துகள் எண்ணிக்கை உட்பக்கம் கூடுகிறது. தண்ணீர் தானாகப் பின்தொடர்கிறது. 1968இல் டாக்காவில் டேவிட் நாலின், ரிச்சர்ட் கேஷ் இருவரும் நோயாளிகளிடம் இதை நிரூபித்தார்கள்.

1971இல் கிழக்கு பாகிஸ்தானிலிருந்து லட்சக்கணக்கான அகதிகள் மேற்கு வங்காளத்துக்குள் வந்தார்கள். எல்லையோரம் பன்காவ் முகாமில் காலரா. தரையில் படுத்திருந்தவர்களுக்குச் சலைன் பாட்டில்கள் போதவில்லை. மருத்துவர் திலீப் மஹலனாபிஸ் லிட்டருக்கு 22 கிராம் குளுக்கோஸ், 3.5 கிராம் உப்பு, 2.5 கிராம் சமையல் சோடா என்று கரைத்து, குழாய் வைத்த பீப்பாய்களில் நிரப்பினார். நோயாளிகளின் உறவினர்களே பிடித்துப் பிடித்துக் கொடுத்தார்கள். நூற்றுக்கு முப்பது பேர் வரை செத்துக்கொண்டிருந்த நிலை மாறி, அவருடைய பொறுப்பில் இருந்தவர்களில் நூற்றுக்கு நான்குக்கும் குறைவாக இறப்பு இறங்கியது. அந்த மூன்று பொருள்களின் துகள்களைக் கூட்டிப் பாருங்கள், சுமார் 300 வரும். ரத்தத்தின் 290க்குப் பக்கம்.

பின்னால் உலக சுகாதார நிறுவனம் வகுத்த ஓ.ஆர்.எஸ். கலவை 311 மில்லி ஆஸ்மோல். கோடிக்கணக்கான குழந்தைகளுக்கு அது கொடுக்கப்பட்டது, உயிர்களைக் காத்தது. ஆனாலும் வயிற்றுப்போக்கின் அளவு குறையவில்லை என்று தாய்மார்கள் சொல்லிக்கொண்டே இருந்தார்கள். அவர்கள் கண்டது சரி. 311 என்பது ரத்தத்தின் செறிவுக்குச் சற்று மேலே. உறிஞ்சப்படாமல் தங்கும் குளுக்கோஸ் கொஞ்சம் தண்ணீரைக் குடலுக்குள் இழுத்துக்கொள்ளும். 2002இல் கலவையை மாற்றினார்கள். சோடியம் 75, குளோரைடு 65, குளுக்கோஸ் 75, பொட்டாசியம் 20, சிட்ரேட் 10, மொத்தம் 245. ரத்தத்தைவிடக் குறைவு. இப்போது சோடியமும் குளுக்கோஸும் இழுப்பது போக, செறிவு வித்தியாசமும் தண்ணீரை உடம்புக்குள் அனுப்புகிறது. வயிற்றுப்போக்கின் அளவு சுமார் 20 சதவீதம், வாந்தி சுமார் 30 சதவீதம், நரம்பில் சலைன் ஏற்ற வேண்டிய தேவை மூன்றில் ஒரு பங்கு குறைந்தன. உப்பையும் சர்க்கரையையும் குறைத்ததால் கிடைத்த பலன் இது.

குழந்தைக்கு வயிறு போகும்போது குளிர்பானமோ பெட்டிப் பழச்சாறோ கொடுக்கும் பழக்கம் பெருகியிருக்கிறது. அவற்றில் சர்க்கரைத் துகள்கள் ரத்தத்தின் செறிவை வெகுவாகத் தாண்டி இருக்கின்றன, உப்போ கிட்டத்தட்ட இல்லை. தண்ணீர் குடலுக்குள்தான் போகும். தயவுசெய்து கொடுக்காதீர்கள். நம் வீட்டு உப்புப் போட்ட அரிசிக் கஞ்சி எவ்வளவோ மேல். அரிசி மாவுச்சத்தின் ஒரு மூலக்கூறில் ஆயிரக்கணக்கான குளுக்கோஸ்கள் கோத்திருந்தாலும் தலை ஒன்றுதான். செறிவை ஏற்றாமல் குடலில் மெல்ல உடைந்து குளுக்கோஸ் தருகிறது. அரிசி மாவில் செய்த ஓ.ஆர்.எஸ். காலராவில் நல்ல பலன் தருவதை ஆய்வுகளும் காட்டியிருக்கின்றன.

ஒன்றை மட்டும் அழுத்திச் சொல்கிறேன். மருந்துக்கடையில் இரண்டு வகை ஓ.ஆர்.எஸ். பொட்டலங்கள் கிடைக்கின்றன. சுமார் 21 கிராம் எடையுள்ள பெரியது ஒரு லிட்டர் தண்ணீருக்கு. 4 கிராம் சொச்சம் உள்ள சிறியது 200 மில்லி லிட்டருக்கு, அதாவது ஒரு டம்ளருக்கு. பெரிய பொட்டலத்தை ஒரு டம்ளரில் கரைத்தால் 245 ஐந்து மடங்காகி 1,225 ஆகிறது. துகள் எண்ணிக்கையில் கடல் நீரையே மிஞ்சிவிடுகிறது. ஏற்கெனவே வற்றிப்போன குழந்தையின் உடம்பிலிருந்து அது தண்ணீரை வெளியே எடுக்கும், ரத்தத்தில் சோடியத்தை ஆபத்தான அளவுக்கு ஏற்றும். பொட்டலத்தின் பின்னால் எத்தனை தண்ணீர் என்று அச்சிட்டிருக்கும், அதைப் படித்துவிட்டுக் கரையுங்கள். படிக்க முடியாதவர்களுக்குக் கடைக்காரர் சொல்லிக் கொடுக்க வேண்டும். ருசிக்காகச் சர்க்கரை சேர்க்கக் கூடாது, பாலிலோ பழச்சாற்றிலோ கலக்கக் கூடாது. காய்ச்சி ஆற வைத்த தண்ணீரில் கரைத்து, ஸ்பூன் ஸ்பூனாகக் கொடுங்கள். 24 மணி நேரம் கழித்து மிச்சமிருந்தால் கொட்டிவிட்டுப் புதிதாகக் கரையுங்கள். குழந்தை சோர்ந்து கண்மூடிக் கிடந்தாலோ, குடிக்க மறுத்தாலோ, கரைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்காமல் உடனே ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓடுங்கள்.